தகரக் கூரைக்குக் கீழே மார்கழி

வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் குளிரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பாள் ஆயா. இத்தனைக்கும் அவளே குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமாகிக் கோலார் தங்கவயலுக்கு வந்த முதல் மார்கழியில், கொண்டுவந்த நூல் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு அடுப்பங்கரையிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தாளாம். அதற்குப் பிறகு அவள் எந்த மார்கழியிலும் அப்படி உட்காரவில்லை. லைன் என்று சொல்லப்பட்ட சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் புதிதாக வாழவந்த மருமகள்களுக்கு அவள்தான் வாத்தியார். தீபாவளி முடிந்து பட்டாசுக் குப்பையைக் கூட்டித் தள்ளிய கையோடு, "வூட்ட மூடுற வேலையப் பாருங்கடி" என்று கிளம்பிவிடுவாள்.

அவளுடைய பேரன் அந்த வேலைக்கு எடுபிடி. 1970-களின் தொடக்கம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்துப் பக்கத்து லைன் ஒன்றில் குடியிருப்பு. பின்னாளில் அவன் சென்னைக்குப் பிழைக்கப் போய், அங்கே நண்பர்களிடம் இந்தக் கதையை எடுத்தபோது யாரும் நம்பவில்லை. ஊட்டி, கொடைக்கானல் என்றால் சரி, சமவெளியைப் போலக் கிடக்கும் கோலாரில் ஒரு வீட்டைக் குளிருக்கென்று தயார் செய்வார்களா என்று கேட்டார்கள். செய்தார்கள். வருஷா வருஷம் செய்தார்கள்.

ஊர் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர். மலைவாசஸ்தலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள், கேழ்வரகுக் கொல்லைகள், அவ்வளவுதான். பெங்களூரில் இதுவரை பதிவானதிலேயே கடுமையான குளிர் 1884 ஜனவரி 13 அன்று அடித்தது: 7.8 டிகிரி. அந்த அளவுக்கு எல்லா வருஷமும் இறங்கிவிடாது. ஆனால் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் 15 டிகிரிக்குக் கீழே போவது இந்தப் பக்கம் சகஜம். காஷ்மீர்க்காரர் கேட்டால் சிரிப்பார். அவரை ஒரு ராத்திரி தகரக் கூரைக்குக் கீழே, சிமென்ட் தரையில், ஒற்றைப் பாயில் படுக்கச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் கேட்க வேண்டும்.

இந்தக் குளிருக்குப் பழகாத ஆட்கள் இங்கே வந்து சேர்ந்தது தங்கத்தால். மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ்காரர் 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்தார். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்த பிறகுதான் தொழில் சூடுபிடித்தது, ஆள் தேவைப்பட்டது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் மக்கள். வெயிலோடு பிறந்து வளர்ந்தவர்கள். கம்பளி என்ற பொருளே அவர்களின் வீட்டுச் சாமான்களில் கிடையாது. ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை தட்டிக் குடிசைகள்: மூங்கில் தட்டியை நிறுத்தி, மண்ணைப் பூசி, மேலே எதையாவது போட்டு மூடியவை. 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்திய மின்சார வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும் சங்கதி அது. அந்த மின்சாரம் தொழிலாளியின் குடிசைக்குள் எட்டிப் பார்க்க வெகுகாலம் பிடித்தது.

பேரன் பிறப்பதற்குள் தட்டிகள் போய்ச் செங்கல், கல் சுவர்கள் வந்துவிட்டன. ஒரு அறை, ஒரு அடுப்பங்கரை, முன்னால் கை அகலத் திண்ணை. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே சுவர். மேலே தகரம்.

தகரத்தின் குணத்தை ஆயா நன்றாக அறிந்துவைத்திருந்தாள். பகலில் வெயிலை உள்ளே கொட்டும். ராத்திரியில், மேகமில்லாத வானத்துக்குத் தன் சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டு, வெளிக்காற்றைவிடவும் சில்லிட்டுப் போகும். உள்ளே படுத்திருக்கும் ஆறேழு பேரின் மூச்சும் சோறு வடித்த ஆவியும் அதன்மேல் பட்டுத் தண்ணீராகும். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் சொட்டு சொட்டாக விழும். மழைக்காலம் முடிந்த பிறகும் வீட்டுக்குள் ஒழுகுகிறதே என்று புது ஆட்கள் குழம்புவார்கள். கூரையில் ஓட்டையைத் தேடி ஏணி போடுவார்கள். ஓட்டை எங்கேயும் இருக்காது.

ஆயாவின் முதல் வேலை, காற்று எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கு அவள் வைத்திருந்த கருவி ஊதுபத்தி. காற்று நன்றாக வீசுகிற ஒரு ராத்திரியாகப் பார்த்து, விளக்கை அணைத்துவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியைச் சுவரோரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போவாள். பின்னாலேயே பேரன் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். புகை நேராக எழும்பினால் அந்த இடம் சுத்தம். வளைந்தால், படபடவென்று கலைந்தால், அங்கே ஒரு சந்து இருக்கிறது என்று அர்த்தம். உடனே அடுப்புக்கரியால் ஒரு பெருக்கல் குறி. கதவுக்குக் கீழே, ஜன்னல் சட்டத்தின் மூலையில், தகரமும் சுவரும் சேரும் இடத்தில் என்று வரிசையாகக் குறி விழும். எல்லாவற்றையும்விட அதிகமாக விழுவது அறையின் வடக்குச் சுவரில்தான். அங்கே ஒரு விரிசல், தரையிலிருந்து கூரை வரைக்கும், கோணல்மாணலாக.

அந்த விரிசலுக்குக் காரணம் அஸ்திவாரக் கோளாறு அல்ல. தங்கவயலுக்கே உரிய சங்கதி அது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் சாம்பியன் ரீஃப். அத்தனை ஆழத்தில் பாறையைக் குடைந்து எடுத்தால், மிச்சப் பாறையின்மேல் பாரம் ஏறி, திடீரென்று ஒருநாள் அது வெடித்துச் சிதறும். மேலே தரை குலுங்கும். அலமாரியில் பாத்திரம் கலகலக்கும். பெரியதாக இருந்தால் சுவர் பிளக்கும். பல மைல் தூரத்துக்கு அந்த அதிர்வு தெரியும். பாறைகளின் போக்கை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் இந்த ஊரில் தொடங்கப்பட்டது இந்த அனுபவத்தின் தொடர்ச்சியில்தான்.

தரை குலுங்கியதும் லைனில் இருக்கும் பெண்கள் யாரும் சுவரைப் பார்க்க மாட்டார்கள். தெருவுக்கு ஓடிவந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்ப்பார்கள். யாருடைய வீட்டு ஆள் எந்த ஷிப்டில் கீழே இருக்கிறான் என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். எல்லாரும் ஏறிவந்துவிட்டார்கள் என்ற சேதி கிடைத்த பிறகுதான் வீட்டுக்குள் போய்ச் சுவரில் எத்தனை விரல் அகலம் பிளந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த வருஷத்து மார்கழிக்கு எத்தனை கூடை மண் குழைக்க வேண்டும் என்பது அப்படித்தான் முடிவாகும்.

மண் என்றால் எந்த மண்ணும் இல்லை. புற்றுமண்தான் வேண்டும் ஆயாவுக்கு. கறையான் சலித்துக் கட்டிய மண்ணில் கல் இருக்காது, காய்ந்தால் வெடிக்காது. ஊருக்கு வெளியே போய்க் கூடையில் அள்ளி வருவது பையன்கள் வேலை. "பாம்பு இல்லாத புத்தாப் பாத்து எடுடா" என்ற அறிவுரையோடு அனுப்புவாள். அதை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்ல மாட்டாள். பக்கத்திலேயே மலைமலையாகக் குவிந்து கிடந்த சைனைடு மேட்டு மண்ணை எடுத்தால் நடை மிச்சம். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய, மாவு போன்ற வெளிறிய மண். சில வீடுகளில் எடுக்கவும் செய்தார்கள். ஆயா தொடவிடமாட்டாள். அந்த மேட்டில் புல் முளைக்கவில்லை, அதனால் அந்த மண் வீட்டுக்குள் வரக் கூடாது. இதைவிட நல்ல சுற்றுச்சூழல் வாதத்தை அவன் பிற்பாடு எந்தக் கருத்தரங்கிலும் கேட்கவில்லை.

புற்றுமண்ணில் சாணமும், பொடியாக நறுக்கிய கேழ்வரகுத் தாளும் கலந்து, இரண்டு ராத்திரி புளிக்கவிட்டு, மூன்றாம் நாள் விரிசலுக்குள் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைப்பாள். கரண்டியால் பூசினால் வாயை மட்டும்தான் மூடும், உள்ளே பொள்ளலாகவே இருக்கும் என்பாள். அதற்கு மேலே வெள்ளை அடிக்க வேண்டும். சுண்ணாம்புக்குக் காசு செலவழிப்பது லைனில் அபூர்வம். வெல்டிங் பட்டறைகளில் கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு காஸ் எடுத்த பிறகு, அடியில் கூழாக ஒரு கசடு மிஞ்சும். அது சாட்சாத் நீற்றிய சுண்ணாம்புதான். வாளியில் வாங்கி வந்து, வடிகட்டி, கொஞ்சம் நீலம் போட்டு அடித்தால் சுவர் பளிச்சென்று இருக்கும். ஒரே ஒரு தொந்தரவு: பூண்டு நாற்றம். இரண்டு நாளைக்கு வீடு முழுக்கப் பூண்டு உரித்துக் கொட்டிவைத்தது போல இருக்கும். டிசம்பர் பிறந்ததும் லைனில் எந்த வீட்டில் வேலை முடிந்தது, எந்த வீட்டில் முடியவில்லை என்று தெருவில் நடந்தாலே மூக்கால் சொல்லிவிடலாம். வேதக்காரர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுவதற்கு முன்னால் அடித்தாக வேண்டும். மற்றவர்கள் பொங்கலுக்கு முன்னால். குளிருக்கு அடைப்பதும் பண்டிகைக்கு அடிப்பதும் ஒரே செலவில் முடிந்துவிடும்.

கூரைதான் பெரிய வேலை.

அதற்கு அம்மாவும் இறங்க வேண்டும். கோணிப்பைகளைப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றோடு ஒன்று தைத்து, அறையின் அளவுக்கு ஒரு பெரிய படுதாவாக்குவார்கள். அதைத் தகரத்துக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி விட்டுக் கம்பியில் இழுத்துக் கட்டுவார்கள். அந்த நான்கு விரல் ரொம்ப முக்கியம். கோணி தகரத்தில் ஒட்டினால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஊறிப் போய்த் தலைமேல் விழும். ஒட்டாமல் இருந்தால் நடுவில் நிற்கும் காற்றே போர்வையாகிவிடும். குளிர்நாடுகளில் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவதன் தத்துவமும் இதுவேதான். ஆயாவுக்கு அந்த நாடுகளைப் பற்றித் தெரியாது. ஊறிப்போன கோணி ஒருமுறை நடுராத்திரியில் கைக்குழந்தை பக்கத்தில் பொத்தென்று விழுந்ததுதான் தெரியும்.

கோணிக்குக் கீழே தினத்தந்தித் தாள்களைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். கரப்பானுக்குப் புளியங்கொட்டைப் பசை என்றால் உயிர். அதனால் பசையில் கொஞ்சம் மயில்துத்தம். பாயில் படுத்தபடியே போன வருஷத்துச் சினிமா விளம்பரங்களையும் கன்னித்தீவையும் படிக்கலாம். கன்னித்தீவின் கதை ஒரு மூலையில் ஆரம்பித்து, நடுவில் சில நாட்கள் காணாமல் போய், எதிர் மூலையில் தலைகீழாகத் தொடரும்.

வீட்டைச் சூடாக்குவதற்கான சரக்கெல்லாம் சுரங்கம் வேண்டாமென்று தள்ளியதிலிருந்து வந்தது. குடைந்த இடம் இடிந்து விழாமல் முட்டுக்கொடுக்க லாரி லாரியாக மரம் வரும். அறுத்த பிறகு மிஞ்சும் துண்டுக்கட்டைகளும் மரத்தூளும் எப்படியோ லைனுக்கு வந்து சேர்ந்துவிடும். பௌரிங்பேட்டை என்று அன்று அழைக்கப்பட்ட பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரைக்கும் 1894-லிருந்து ரயில் ஓடுகிறது. நீராவி என்ஜின்கள் நின்று சாம்பல் தட்டும் இடத்தில் பாதி வெந்த நிலக்கரித் துண்டுகள் கிடக்கும். பெண்கள் முறத்தோடு போய்ச் சலித்து எடுத்து வருவார்கள். ஒருமுறை எரிந்த கரி மறுமுறை எரியும்போது புகை குறைவு என்பது அவர்களின் கணக்கு.

மரத்தூள் அடுப்பில் தூளை அடைப்பது கைப்பழக்கம். பழைய பெயின்ட் டின்னின் அடியோரத்தில் ஒரு ஓட்டை. நடுவில் ஒரு கண்ணாடி பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு உருட்டுக்கட்டையைச் சொருகி, கட்டையின் முனை பாட்டிலின் அடியில் முட்டும்படி வைக்க வேண்டும். பிறகு சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி உலக்கையின் பின்பக்கத்தால் இடித்து இறுக்க வேண்டும். டின் நிறைந்ததும் பாட்டிலைத் திருகித் திருகி மேலே எடுக்க வேண்டும். கட்டையைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். கை நடுங்கினால் எல்லாம் பொலபொலவென்று சரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. சரியாக வந்தால் உள்ளே ஒரு வளைந்த குகை நிற்கும். கீழே ஒரு காகிதத்தைக் கொளுத்தினால் போதும். அடைத்த அளவைப் பொறுத்துப் பல மணி நேரம் நின்று எரியும். தூள் ஈரமாக இருந்தால் மட்டும் வீட்டில் ஒருவரும் கண்ணைத் திறக்க முடியாது. அதனால் அக்டோபர் வெயில் நாட்களிலேயே தூளைத் திண்ணையில் காயவைத்து வாரிவிடுவாள் அம்மா.

சாயங்காலம் கணப்புச் சட்டியில் தணலை அள்ளி அறையின் நடுவில் வைப்பார்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு அதன் பக்கத்தில் நிரந்தர இடம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் சரக்கு அது, மார்கழியில் தலைக்குத் தடவக் குச்சியால் தோண்ட வேண்டியிருக்கும். பிள்ளைகள் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். ஆனால் படுக்கப் போகும்போது சட்டி வெளியே போய்விட வேண்டும். இதில் ஆயா காட்டிய கண்டிப்பை வேறெதிலும் காட்டியதில்லை. அழுதாலும், காய்ச்சல் என்றாலும், சட்டி திண்ணைக்குத்தான். அடுப்பங்கரையின் மேல்சுவரில் இருந்த இரண்டு செங்கல் அளவு துவாரத்தையும் அவள் அடைக்கவிட மாட்டாள், ஊதுபத்திப் புகை அங்கே என்ன ஆட்டம் ஆடினாலும் சரி. மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஊட்டிப் பக்கத்திலும் கொடைக்கானலிலும் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் இறந்த செய்தி இன்றைக்கும் பத்திரிகையில் வருகிறது.

இத்தனையும் யாருக்காக என்று கேட்டால், எல்லாருக்காகவும்தான். ஆனால் ஒருவருக்காகக் கூடுதலாக. நைனாவுக்காக, அதாவது அவனுடைய அப்பாவுக்காக.

நைனாவுக்கு அண்டர்கிரவுண்டு வேலை. சாம்பியன் ரீஃபின் அடி ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறும் என்பது பள்ளிப் பாடம். அந்தப் பாடத்தைத் தோலால் படித்தவர்கள் தங்கவயல்காரர்கள். இடுப்பில் ஒரு துண்டோடு வேலை செய்துவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட, மேலே ஏற்றிவரும் கேஜில் ஏறுவார்கள். அந்தச் சூட்டில் ஆள் தாக்குப்பிடிக்காது என்பதால், சுதந்திரத்துக்கு முன்பே காற்றைக் குளிர்வித்துக் கீழே அனுப்பும் இயந்திரங்களை இங்கே நிறுவியிருந்தார்கள். உலகத்திலேயே வெகு சில சுரங்கங்களில்தான் அப்போது அது இருந்தது. பூமிக்கு அடியில் ஏசி, பூமிக்கு மேலே கோணிப்பை: இந்த ஏற்பாட்டை நினைத்தால் அவனுக்கு இன்றும் சிரிப்பு வரும். குளிரை உண்டாக்க எஞ்சினியர்கள், குளிரைத் தடுக்க ஆயாக்கள்.

ராத்திரி ஷிப்ட் முடிந்தால் கேஜ் மேலே வருவது பனி கொட்டுகிற நேரத்தில். உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும், முகத்தில் மார்கழிக் காற்று அறையும். அப்படியே சைக்கிளை மிதித்து லைனுக்கு வந்து சேருவதற்குள் பனியன் முதுகில் சில்லென்று ஒட்டிக்கொள்ளும். தங்கவயலுக்கு நிறையப் பேரை அனுப்பிய இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களில் இதற்கென்றே 'ட்ரை' என்று ஒரு கட்டடம் உண்டு. நீராவிக் குழாய் ஓடுகிற சூடான கூடம். ஆழத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் அங்கேயே உடம்பைத் துடைத்து, உலர்ந்த துணி மாற்றிக்கொண்டுதான் குளிருக்குள் இறங்குவார்கள். நிலக்கரிச் சுரங்க வாசல்களில் குளியல் கூடம் கட்டுவதற்கு 1926-ல் பிரிட்டனில் சட்டத்தின் வழியாகவே பணம் ஒதுக்கினார்கள்.

நைனாவுக்கான 'ட்ரை' வீட்டின் பின்பக்கம் இருந்தது. நான்கடிக்கு நான்கடி, மூன்று பக்கம் தகரம், நான்காவது பக்கம் கோணி. அதற்குள் அண்டாவில் வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். ஷிப்ட் முடியும் சங்கு ஊதியதும் அம்மா எழுந்து விறகைத் தள்ளுவாள். நைனா தெருமுனையில் திரும்பும் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஆயா வாசலுக்குப் போய், வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே கம்பளியைத் தோளில் போட்டுவிடுவாள். முப்பது வயதைத் தாண்டிய மகனுக்கு. லைன் முழுக்க அந்த நேரத்தில் அம்மாக்கள் மகன்களுக்கும் பெண்டாட்டிகள் புருஷன்களுக்கும் கம்பளி போர்த்திவிட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள் என்பதால் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"காத்து பூந்துச்சின்னா நெஞ்சுல உக்காந்துக்கும்" என்பது ஆயாவின் வைத்தியம். உண்மையில் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது காற்று அல்ல, கல். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இறுகும் சிலிகோசிஸ். 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வில், சோதித்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோயின் அடையாளம் இருந்தது. ஏற்கெனவே பாதி வேலை செய்யும் நுரையீரலுக்கு மார்கழி ஒரு தேர்வு. ஒவ்வொரு லைனிலும் ராத்திரி முழுக்க இருமுகிற தாத்தாக்கள் இருந்தார்கள். தை பிறக்கும்போது அவர்களில் ஒன்றிரண்டு பேர் குறைந்திருப்பார்கள். ஆயாவின் புருஷன், அவன் பார்த்திராத தாத்தா, அப்படிக் குறைந்தவர். சுவர் விரிசலைக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்த வேகத்துக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். அவள் சொன்னதில்லை.

மேட்டில் இருந்த சுரங்க அதிகாரிகளின் பங்களாக்களில் குளிர்காலம் வேறு. ஊருக்குக் குட்டி இங்கிலாந்து என்ற பெயரை வாங்கித் தந்தவை அவைதான்: ரோஜாத் தோட்டம், கிளப், கால்பந்து மைதானம் போலப் பரந்த முன்வாசல், ஓட்டுக் கூரைக்கு மேலே புகைபோக்கி. அங்கே வேலை பார்த்த பெரியம்மா ஒருத்தி, நெருப்பு மூட்டுவதற்கென்றே சுவருக்குள் ஒரு மாடம் இருக்கிறது என்று வந்து சொன்னபோது ஆயா நம்பவில்லை. சூடெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடுமே, விறகு யார் வீட்டு விறகு என்று கேட்டாள். இந்த ஒரு விஷயத்தில் இயற்பியல் முழுக்க அவள் பக்கம். திறந்த கணப்பு மாடத்தில் எரியும் விறகின் சூட்டில் பெரும்பகுதி மேலேதான் போகிறது.

கம்பளி வாங்குவது தனிச் சடங்கு. குறும்பர்கள் தோளில் சுமந்துகொண்டு லைன் லைனாக வருவார்கள். கறுப்பு, பழுப்பு, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. தக்காணத்துச் செம்மறியின் முரட்டு மயிர். நெய்வதற்கு முன் நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவதால் புதிதில் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். முதல் வருஷம் உடம்பெல்லாம் அரிக்கும். இரண்டாம் வருஷம் பழகும், மூன்றாம் வருஷத்திலிருந்து விட்டுப் பிரிய மனம் வராது. நல்லதா கெட்டதா என்று பார்க்க ஆயா அதன் நடுவில் குழி செய்து ஒரு செம்பு தண்ணீரை ஊற்றுவாள். உடனே கீழே சொட்டினால் பேரம் முடிந்தது. "சள்ளகெரெ கம்பளி, அஜ்ஜி, சொட்டாது" என்று கன்னடத்தில் சத்தியம் செய்வான் வியாபாரி. இருவரும் தங்கள் தங்கள் மொழியில் அரைமணி நேரம் சண்டை போட்டு, ஒரு விலையில் நிற்பார்கள்.

சாப்பாடும் குளிருக்குச் சேர்ந்த ஏற்பாடுதான். டிசம்பரில் ஆண்டர்சன்பேட்டைச் சந்தைக்கு அவரைக்காய் மூட்டை மூட்டையாக வரும். பனி இறங்க இறங்க அதன் தோலில் ஒரு பிசுபிசுப்பும் மணமும் ஏறும். அந்த மணம் இல்லாத அவரையைக் கோலார்க்காரர்கள் கையால் தொட மாட்டார்கள். கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கித் தள்ளி, பிதுக்கு பருப்புக் குழம்பு. அதோடு சுடச்சுடக் கேழ்வரகுக் களி. பிதுக்கும் வேலை ராத்திரி கணப்புச் சட்டியைச் சுற்றித்தான் நடக்கும். தோலைத் தணலில் போட்டால் எழும் வாசனைக்காகவே பையன்கள் வேண்டுமென்று போடுவார்கள்.

சுரங்கம் 1956-ல் மைசூர் அரசின் கைக்குப் போய், 1962-ல் மத்திய அரசிடம் வந்து, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆகி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. முட்டுக்கட்டை மரமும் மரத்தூளும் நின்றன. நீராவி என்ஜின் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. லைனில் தங்கிவிட்டவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை பார்த்துத் திரும்புகிறார்கள். மார்கழியில் மாரிக்குப்பம் பிளாட்பாரத்தில் விடியலுக்கு முன்பே மங்கி குல்லாவும் மஃப்ளரும் ஸ்வெட்டருமாக வரிசை நிற்கும். ஆண்களுக்குச் சமமாகப் பெண்கள். ஆடைத் தொழிற்சாலை, வீட்டு வேலை, செக்யூரிட்டி. குளிரை வீட்டில் வைத்து எதிர்கொண்ட காலம் போய், ரயில் பெட்டியின் உடைந்த ஜன்னலோரத்தில் எதிர்கொள்ளும் காலம் வந்திருக்கிறது. முன்பு ஆண் குளிரில் நனைந்து வருவான், பெண் கம்பளியோடு காத்திருப்பாள். இப்போது இருவருமே வெளியே.

ஆனாலும் தகரம் அதே தகரம்தான். சில வருஷங்களுக்கு முன்னால் அவன் பழைய லைனுக்குப் போயிருந்தபோது, அவனுடைய தங்கை மகள் கூரைக்கு அடியில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தாள். தேர்தல் முடிந்தால் இலவசமாகக் கிடைக்கிறது, கோணி மாதிரி மக்கிப் போவதில்லை, கரப்பான் தின்பதில்லை என்று அதன் பெருமைகளை அடுக்கினாள். டி.வி. பெட்டிக்குள் வந்த தெர்மோகோல் அட்டைகளை வெட்டித் தகரத்துக்கும் ஃப்ளெக்ஸுக்கும் நடுவில் சொருகியிருந்தாள். ஒரே சிக்கல், ஃப்ளெக்ஸ் தண்ணீரை உறிஞ்சாது. மேலே சேரும் ஈரமெல்லாம் ஓர் ஓரமாக வழிந்து வந்துவிடும். அதனால் ஒரு பக்கத்தைத் தாழ்த்திக் கட்டி, சுவரோரமாகக் கீழே ஒரு பெயின்ட் வாளி வைத்திருந்தாள். அச்சடித்த பக்கம் மேலே, வெள்ளைப் பக்கம் கீழே.

படத்தைக் கீழே பார்க்கிற மாதிரி கட்டியிருக்கலாமே, கலராக இருக்குமே என்று அவன் கேட்டான்.

"கட்டித்தான் மாமா இருந்தேன். கொழந்த ராத்திரி முழிச்சிப் பாத்துட்டு, யாரோ மாமா கும்புடுறாருன்னு அழுவுறான். திருப்பிப் போட்டேன். பக்கத்து வூட்ல அந்தக் கட்சிக்காரங்க, அவங்க திருப்பல" என்றாள்.